சொந்தச் சக்கரத்தில்

பாட் ஹோல்ஸ்பாக் மறுவாழ்வு இல்லம், அறை 214
ஜூலை 5

அன்புள்ள ரிக்கே,

நீ போனை எடுக்கவில்லை. ஒன்பது தடவை அடித்தேன். பத்தாவது தடவை அடிக்கப் போனபோது, என்னைப் பார்க்க வந்திருந்த உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "விடுங்க எர்வின், அவ எடுக்க மாட்டா. எழுதுங்க. எழுதினா அனுப்புறதுக்கு முன்னாடி கிழிச்சுப் போடவாவது வழி இருக்கு. பேசினா அதுவும் இல்ல" என்றாள். அதனால் எழுதுகிறேன். இது மூன்றாவது தாள்.

என் புது இடுப்பு நலம். நாற்பத்தொரு வருஷம் ஷாய்ஃபலே தொழிற்சாலையில் அடுத்தவர் வண்டிக்கு பிரேக் மாட்டினேன். இப்போது எனக்கே உதிரிப் பாகம் மாட்டிவிட்டார்கள். பதினைந்து வருஷம் உழைக்குமாம். வண்டியின் மற்ற பாகங்கள் அதுவரை தாங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டம்தான்: இடுப்பை தொண்ணூறு டிகிரிக்குக் கீழே மடக்கக்கூடாது. தாழ்வான நாற்காலி கூடாது. நான் எங்கே உட்காரப் போனாலும் பயிற்சிக்கார அம்மா தாழ்வாரத்தின் மறு கோடியிலிருந்து, "தொண்ணூறு, ஹெர் நேகெலே! தொண்ணூறு!" என்று கத்துகிறாள். கழிப்பறையில்கூட அந்தக் குரல் காதில் ஒலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினாலாம் தேதி, ஊழியர் குடும்பங்களை உங்கள் வடிவமைப்புக் கூடத்துக்குள் விட்ட அன்று நடந்தது.

அதே வளாகத்தில் நாற்பத்தொரு வருஷம் இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. வாசலில் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். முந்நூறு பேர் நின்றோம். சாம்பல் நிறத் துணியை இழுத்தார்கள். நீ வடிவமைத்த கார் தெரிந்தது, உழவாரன். மே மாதம் வந்து நம் கூரைக்கடியில் கூடு கட்டிவிட்டு ஆகஸ்டில் பறந்துவிடும் அந்தக் குருவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறாய் என்று பலகையைப் படிக்காமலே எனக்குத் தெரிந்தது. உயரம் ஒரு மீட்டர் ஆறு சென்டிமீட்டர். கண்ணாடி எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விளக்கைத் தேடினேன், விளக்கே இல்லை, தோலுக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. கதவுகள் சிறகு மாதிரி மேலே எழுந்தன. கூடத்தில் ஒரு இருமல் இல்லை.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது: "அப்போ தண்ணிப் பெட்டிய எங்க வைக்கிறது?"

யாரடா இந்த முட்டாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன் மேலதிகாரி டாக்டர் ப்ரான்ட்னர் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். "இன்னொரு தடவ சொல்லுங்க ஹெர் நேகெலே, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றார். சொன்னேன். முதல் தடவை வாய் தவறியது. இரண்டாவது தடவை தலையைச் சொறிந்துகொண்டு, குரலை உயர்த்தி, கோமாளி மாதிரி சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. நீ மட்டும் கை தட்டவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் கேட்கிறேன். ஆனால் எதற்கு என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. சனிக்கிழமை காலை பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில் கொண்ட தண்ணீர்ப் பெட்டி வாங்கப் போகாத வீடு நம் ஊரில் உண்டா? எழுது.

அப்பா

* * *

ஜூலை 9

அப்பா,

எதற்கு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் ப்ரான்ட்னர் திரையில் ஒரு படம் காட்டினார். என் உழவாரன். அதன் கூரை மேல் கயிற்றால் கட்டிய ஒரு தண்ணீர்ப் பெட்டி. எல்லோரும் சிரித்து முடிந்ததும் சொன்னார்: "நம்ம தொழிலாளியே தீர்ப்பு சொல்லிட்டார். இது ஓட்டுற வண்டி இல்ல, பாக்குற வண்டி. அப்போ பாக்குறதுக்கு மட்டும் செய்வோம். எதுக்கு வீண் வேலை?"

செப்டம்பரில் மியூனிக் கண்காட்சி. முடிவு இது: நான்கு சக்கரத்திலும் உள்ள மோட்டார்களைக் கழற்றுவது. சரக்குத் தள்ளுவண்டியின் மோட்டார் ஒன்றை அடியில் வைத்து, மேடைமேல் நடை வேகத்தில் நகர்த்துவது. கண்ணாடிகளைக் கறுப்பாக்குவது, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியாதிருக்க. கடைசியாக, ஸ்பீக்கர் வைத்து, பழைய பந்தயக் காரின் உறுமலை ஒலிபரப்புவது. கண்காட்சி முடிந்ததும் நசுக்கும் எந்திரத்துக்கு அனுப்புவது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. காட்சி வண்டிகளின் ஆயுள் பத்து நாள்தான், எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். ஆனால் மற்றவை ஓடாதவை.

என்னுடையது ஓடுகிறது அப்பா. மூன்று வருஷம் ஆயிற்று. சோதனைத் தடத்தில் நானே ஓட்டியிருக்கிறேன். நூற்றறுபதில் போகும்போது உள்ளே காற்றின் சத்தம் மட்டும்தான். உழவாரக் குருவி வாய்க்குள் சிங்கத்தின் குரலை வைக்கச் சொல்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குப் பொறுப்பான வடிவமைப்பாளர் இடது கதவின் உள்பக்கம், தோல் உறை மூடுமுன், பென்சிலால் கையெழுத்துப் போடுவார். யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் போடாமல் உறையை மூட மாட்டார்கள். நான் போடவில்லை. "இந்தப் பொய்க்கு என் பேர் கிடையாது" என்று ப்ரான்ட்னர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அப்போ வேற ஒருத்தர் பேர் போடுவோம்" என்றார். மோட்டாரைக் கழற்றும் உத்தரவுக்கும் என் கையெழுத்து வேண்டும். அதையும் போடவில்லை. காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன். எழுத்து வந்தால் விளக்கம் கேட்பேன். விளக்கம் வந்தால் அதற்கும் கேள்வி இருக்கும். வேலை போனால் போகட்டும்.

இதற்கெல்லாம் நீங்கள் காரணம் இல்லை. அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். எட்டு வயதில் நான் வரைந்த முதல் காரைக் காட்டினேன். "மூணு சக்கரம்தானே தெரியுது, நாலாவது எங்க?" என்றீர்கள். என் பட்டச் சான்றிதழைக் கையில் கொடுத்தேன். "முத்திரை கோணலா இருக்கே" என்றீர்கள். என் முப்பத்தாறு வயதில், முந்நூறு பேர் நடுவில், ஒரே ஒரு தடவை, நல்லா இருக்கு என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே. அதற்குத்தான்.

ரிக்கே

* * *

பாட் ஹோல்ஸ்பாக், ஜூலை 12

ரிக்கே,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை பக்கத்துக் கட்டில் க்ளும்ப்பிடம் கொடுத்தேன், என் கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று சொல்லி.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், தேவாலய வாசலில் உன் அம்மா கல்யாண உடையில் வந்து நின்றாள். பக்கத்தில் போய் நான் சொன்ன முதல் வார்த்தை: "குளிராதா?" அவள், "குளிரும்" என்றாள். அவ்வளவுதான். அவள் புரிந்துகொண்டாள். நீயும் புரிந்துகொள்வாய் என்று நினைத்துக்கொண்டே முப்பத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டேன். சோம்பேறித்தனம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன், மூன்று எழுத்து அதிகம் படித்திருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன்.

க்ளும்ப் சொல்கிறார்: "நம்ம பக்கத்துல ஒருத்தன் வந்து நல்லா இருக்குன்னு சொன்னா, உடனே பர்ஸைத் தொட்டுப் பாப்போம். எதையோ விக்க வந்திருக்கான்."

அன்று நடந்தது இதுதான். கதவு மேலே எழுந்தபோது, அந்த வண்டியை நான் நம் வீட்டு வாசலில் பார்த்தேன். சனிக்கிழமை. நான் உள்ளே ஏறி உட்கார்கிறேன். சாவியைத் தேடுகிறேன். பானக்கடைக்குப் போக வேண்டும். அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது. எனக்கு வேண்டாத வண்டியில் தண்ணீர்ப் பெட்டி எங்கே வைப்பது என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? நாற்பத்தொரு வருஷம் அந்தக் கம்பெனிக் கார்களுக்கு பிரேக் மாட்டியிருக்கிறேன். ஒன்றைப் பார்த்தும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டாவது தடவை கோமாளியானதற்கு மன்னிப்பு. அது வெறும் கைதட்டல் ஆசை.

இனி முக்கியமான விஷயம். க்ளும்ப் முப்பது வருஷம் வண்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா. உன் வண்டி எப்படிப் போகிறது என்று கேட்டார். மூடிய லாரியில் என்றேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அதுவும் தொண்ணூறைத் தாண்டி.

"போக்குவரத்துப் படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கும், நேகெலே. ஒண்ணு, 'லாரியில் ஏற்றி.' இன்னொண்ணு, 'சொந்தச் சக்கரத்தில்', அதாவது வண்டி தானே ஓடிப் போறது. முப்பது வருஷத்துல காட்சி வண்டிக்கு ரெண்டாவது கட்டத்துல டிக் போட்ட ஒருத்தரையும் நான் பாத்ததில்ல."

"அப்போ ஏன் அந்தக் கட்டம்?"

"அது இருக்கு. இருந்தா டிக் போடலாம். பொறுப்பு வடிவமைப்பாளர்தான் நிரப்பணும். மேலதிகாரி கீழ கையெழுத்துப் போடுவார். எந்த மேலதிகாரி அத படிச்சிருக்கான்?"

சாலையில் ஓட சோதனை ஓட்டத்துக்கான சிவப்பு எண் பலகை தொழிற்சாலையிலேயே இருக்கிறது என்பது உனக்கே தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. க்ளும்ப் சொன்னதை எழுதினேன்.

அப்பா

* * *

ஜூலை 17

அப்பா,

கோபம் போகவில்லை. பாதி போயிருக்கிறது.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டம் இருக்கிறது. ஹெர் க்ளும்ப்புக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள், அல்லது கை குலுக்குங்கள், எது தொண்ணூறு டிகிரிக்குள் முடியுமோ அது.

என் கேள்விகளுக்கு பதில் எழுதி ப்ரான்ட்னர் களைத்துவிட்டார். நேற்று வந்து, "சரிம்மா, மோட்டார் உள்ளயே கிடக்கட்டும், யாருக்குத் தெரியப் போகுது. ஸ்பீக்கர் மட்டும் மாட்டிடுங்க. லாரிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார். மோட்டார் தப்பித்தது. ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னேன். லாரி என்று நான் சொல்லவில்லை.

சாலைக்குத் தகுதியானதா என்று சோதிக்க ஆய்வு மையத்திலிருந்து ஒருவர் ஆகஸ்ட் 25 வருகிறார். அதற்கு முன் நீங்கள் பிரேக்கைப் பார்க்க வேண்டும். கையெழுத்துக்காக இல்லை. உங்களுக்குக் குறை கண்டுபிடிக்கத் தெரியும், அதற்காக. ஆகஸ்டில் மூன்று வாரம் தொழிற்சாலை மூடியிருக்கும். கூடத்தில் நானும் காவலரும் மட்டும்தான். உங்களை என் விருந்தாளி என்று எழுதி வைக்கிறேன்.

தண்ணீர்ப் பெட்டியை அளந்தேன். சிரிக்க வேண்டாம். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் இடம் பற்றவில்லை. இரண்டே சென்டிமீட்டர். மூன்று வருஷம் இதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட. அதுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ரிக்கே

* * *

பாட் ஹோல்ஸ்பாக், ஜூலை 21

ரிக்கே,

வருகிறேன். நாளை மறுநாள் வீடு திரும்புகிறேன். உன் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் ஊன்றுகோல் இரண்டையும் எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. நாம் காய்கறி போடும் தோட்டச் சங்கத்துக்கு எழுது, மனை எண் 17. தபால்பெட்டி குடிசைக் கதவில் இருக்கிறது. என்னைத் தவிர அதை யாரும் திறப்பதில்லை.

க்ளும்ப் கை குலுக்கினார். முத்தத்துக்கு மறுத்துவிட்டார்.

அப்பா

* * *

மனை எண் 17, ஆகஸ்ட் 19

ரிக்கே,

நேற்று நடந்ததை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு நீ வேறு மாதிரி சொல்லுவாய்.

ஒன்று. மிதியை அழுத்தினேன், பிரேக் நன்றாகவே பிடித்தது. இதை நீ எழுத்தில் கேட்டால் எழுத்திலும் தருவேன்.

அடுத்தது, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை இடது பக்கம் திருப்பச் சொன்னேன். "எதுக்குப்பா? மேடையில நேராத்தானே போகும்" என்றாய். சோதனைத் தடத்திலும் பெரிய வளைவுகள்தான், கடைசி வரை திருப்ப வேண்டியதே இல்லை என்றாய். ஆனால் பானக்கடை வாசலில் நிறுத்தக் கடைசி வரை திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினாய். முன் இடது சக்கரம் பிரேக் குழாயை உரசியது. ஏற்கெனவே ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளே இருக்கும் பின்னல் தெரிந்தது. மூன்று வருஷம் அந்த வண்டியை யாரும் ஒரு தடவைகூட முழுதாகத் திருப்பிப் பார்க்கவில்லை. நீ வெளுத்துப் போய் நின்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "குழாய் பிடிப்பான் நாலு சென்டிமீட்டர் மேல வரணும்" என்றுதான் சொல்லியிருப்பேன். நீயே மாலைக்குள் அதை மேலே ஏற்றிவிட்டாய்.

கடைசியாக, நான் செய்த காரியம். "மியூனிக்குக்கு என்கூட வாங்கப்பா" என்று நீ சொன்னதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. நீ காவலரிடம் போன இரண்டு நிமிஷத்தில் வலது இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உட்காருவது சுலபம், ரிக்கே. விழுந்தால் போதும். பிறகு என் முழங்கால் இரண்டும் காதுப் பக்கத்தில் இருந்தன. எத்தனை டிகிரி என்று நான் அளக்கவில்லை. எங்கோ தூரத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் ஒன்று: உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வானம் முழுசாகத் தெரிகிறது. கூரையைக் கண்ணாடியாக வைத்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

நீயும் காவலரும் சேர்ந்து என்னை வெளியே எடுத்தீர்கள். "ஹெர் நேகெலே, எஞ்சினை இறக்குறதுகூட இவ்வளவு கஷ்டமில்ல" என்றார் காவலர். சரிதான்.

ஆகவே நான் மியூனிக் வரவில்லை. என் புது உதிரிப் பாகம் அனுமதிக்காது. ஆய்வு மையத்துக்காரர் வந்தால் இருமுறை முழுதாகத் திருப்பிக் காட்டு.

அப்பா

* * *

செப்டம்பர் 3

அப்பா,

ஆய்வு மையத்துக்காரர் இரண்டு மணி நேரம் வண்டிக்கடியில் கிடந்தார். வெளியே வந்து, "இத யாரு பாத்தது? குழாய் பிடிப்பான் புதுசா இருக்கே" என்றார். ஓய்வு பெற்ற ஒருவர் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ப்ரான்ட்னரும் போட்டார். படிவத்தை அவர் மேசையில் வைத்தேன். "எல்லாம் சரியா?" என்றார். "எல்லாம் எழுதியிருக்கு" என்றேன். பக்கத்தைத் திருப்பாமல், போனில் பேசிக்கொண்டே, கீழே கோடு போட்ட இடத்தில் எழுதினார். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், அதற்கும் தயாராகத்தான் போனேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். நெடுஞ்சாலையில் ஆல்ப் மலை ஏற்றம் வழியாக, இருநூறு கிலோமீட்டர் சொச்சம். உங்கள் இடம் காலியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் பெட்டியை வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு பாட்டில், கண்ணாடி. பின்னால்தான் இடமில்லை, முன்னால் அளவெடுத்தது போல உட்கார்ந்திருக்கிறது.

இது முடிந்ததும் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் இந்த வண்டி சாலையில் ஓடியது என்று ஆகிவிடும். அதை எந்த எந்திரத்தாலும் நசுக்க முடியாது.

ரிக்கே

* * *

மனை எண் 17, செப்டம்பர் 4

ரிக்கே,

நல்லது. நான் வீட்டில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்கிறேன். பாட்டில்களுக்கு நடுவே செய்தித்தாளை மடித்துச் செருகு, உரசும்.

அப்பா

* * *

மியூனிக், செப்டம்பர் 8

அப்பா,

மூன்றாவது பாட்டிலைக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்றும் உடையவில்லை.

ஏற்றத்தில் பனிமூட்டம் இருந்தது. மலையேறும் வழியில் ஒரு பாலத்தின் மேல், அந்த நேரத்தில், எவனோ ஒரு பைத்தியக்காரன் கம்பைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்கும் அன்று பைத்தியம்தான் பிடித்திருந்தது. விளக்கை இரண்டு தடவை சிமிட்டிக் காட்டினேன்.

வழியில் மின்சாரம் ஏற்ற நாற்பது நிமிஷம் நின்றேன். ஆட்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். அவர்களில் வயதான ஒரு கணவன் மனைவி. அந்த ஆள் இரண்டு தடவை வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என்னிடம் வந்து கேட்டார்:

"அதெல்லாம் சரி. தண்ணிப் பெட்டிய எங்க வைப்பீங்க?"

நான் வலது கதவைத் திறந்தேன். சிறகு எழுந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பெட்டியை அவர் லேசாக ஆட்டிப் பார்த்தார். "ம். சரிதான்" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துடாதீங்கம்மா, இவரு இவ்வளவு பேசினதே பெரிசு" என்றாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

கண்காட்சி ஐந்தாம் வாசலில் காவலர், "லாரி எங்க?" என்றார். "இதுதான்" என்றேன். படிவத்தை வாங்கி, கட்டத்தைப் பார்த்து, டிக்கைப் பார்த்து, கதவைத் திறந்துவிட்டார். ஒரு கேள்வி இல்லை. கட்டத்தில் டிக் இருந்தது.

ப்ரான்ட்னர் உள்ளே காத்திருந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"சொந்தச் சக்கரத்துல. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க ஹெர் டாக்டர்."

"நான்... முன் கண்ணாடி பூரா பூச்சி அடிச்சிருக்கு! இருநூறு கேமரா வரப் போகுது!"

"துடைக்கக் கூடாது. அது ஓடின வண்டிங்கிறதுக்கு அதான் சாட்சி."

"ஸ்பீக்கர் வயர் எங்க?"

"என் சட்டைப் பையில. என் வேலைய எடுத்துக்கங்க. வயரை எடுக்க முடியாது."

இன்று காலை பத்திரிகைக்காரர்கள் முன்னால் நான்தான் ஓட்டினேன். தள்ளுவண்டி மோட்டார் இல்லை, உறுமல் இல்லை. மேடையில் அரை வட்டம் அடித்து, கடைசி வரை திருப்பி, நிறுத்தினேன். டயர் தரைவிரிப்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம்தான் கேமராக்கள். நிர்வாகக் குழுவின் பெண்மணி ஒருவர் ப்ரான்ட்னரிடம், "இது நிஜமாவே ஓடுதா? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மாலையில் எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போகும். அந்த எச்சரிக்கையைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டப் போகிறேன். நசுக்கும் தேதி பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டிருக்கிறது. புதுத் தேதி போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு படிவம் வரும். அதிலும் கட்டங்கள் இருக்கும்.

இடது கதவின் உறையைப் பிரித்து, என் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு பெயரும் இருக்கிறது: எ. நேகெலே, பிரேக்.

டிவியில் பார்த்தீர்களா?

ரிக்கே

* * *

வீடு, செப்டம்பர் 10

ரிக்கே,

டிவியில் பார்க்கவில்லை. அந்தப் பைத்தியக்காரன் நான்தான். அது கம்பு இல்லை, ஊன்றுகோல்.

வீட்டு முகவரியிலிருந்து எழுதுவதைக் கவனித்திருப்பாய். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் உன் அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு அலாரம் வைக்கணும்?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "அவ அஞ்சரைக்குக் கிளம்புறா. மலை ஏத்தத்துப் பாலத்துக்கு ஆறு மணிக்குள்ள போய்ச் சேரணும்ல?" என்றாள். தோட்டக் குடிசைக்கு இரண்டு சாவி உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன். ஜூலையிலிருந்து உன் கடிதங்களை எனக்கு முன்னாலும், குடிசையில் நான் எழுதி வைத்தவற்றைத் தபாலில் போடுவதற்கு முன்னாலும் அவள் படித்திருக்கிறாள். நான் இருக்கையில் மாட்டிக்கொண்டதை மட்டும் இரண்டு தடவை படித்தாளாம்.

அவள்தான் காரை ஓட்டினாள். கழிப்பறையை உயர்த்தப் போடும் அந்தத் திண்டையும், மடக்கு நாற்காலியையும், பிளாஸ்க்கில் காப்பியையும் எடுத்து வந்தாள். நான் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல், கழிப்பறைத் திண்டில், ராஜா மாதிரி தொண்ணூறு டிகிரியில் உட்கார்ந்திருந்தேன். பனியில் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. லாரிகளும் குடும்பக் கார்களும் சத்தம் போட்டுக்கொண்டு போயின. அப்புறம் சத்தமில்லாமல் ஒன்று வந்தது. உன் அம்மா, "எர்வின்" என்றாள். எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நாலு செகண்ட். கண்ணாடிக் கூரை வழியாக உன் தலையும் பக்கத்தில் பெட்டியும் தெரிந்தன. நீ இரண்டு தடவை விளக்கைச் சிமிட்டினாய். பாலத்துக்கடியில் போய்விட்டாய். மறு பக்கம் ஓடிப் பார்க்க என்னால் முடியவில்லை. உன் அம்மா ஓடினாள். "என்ன தெரியுது?" என்று கத்தினேன். "போயிட்டா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குளிர்தான், வேறொன்றும் இல்லை.

கதவுக்குள் என் பெயரையும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை உன் அம்மாவை உரக்க வாசிக்கச் சொன்னேன், என் கண்ணாடியில் மறுபடியும் அந்தக் கோளாறு.

சரி, குறை. ஒன்றே ஒன்றுதான். பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னாலிருந்தே வலது தடம் காலியாக இருந்தது. நீ ஒரு காரணமும் இல்லாமல் நடுத்தடத்தில் வந்தாய்.

தொண்ணூறு டிகிரிச் சட்டம் அக்டோபர் முதல் வாரத்தோடு முடிகிறது. டாக்டரிடம் கேட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லவில்லை, தாழ்வான சோபா என்று சொன்னேன். அந்த வண்டி அன்றைக்கு எங்கே நின்றாலும், அதற்கு எத்தனை படிவம் வேண்டுமானாலும், க்ளும்ப்பையும் கேட்டு நிரப்பிவிடு. ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன். வலது இருக்கையிலிருந்து பெட்டியை இறக்கி வை.

அப்போ தண்ணிப் பெட்டியை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்காதே. அந்த வாரம் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொள்கிறோம்.

அப்பா